இரண்டு முறை விக்டோரியா கிராஸ்: சார்லஸ் அப்ஹாம் பற்றிய ஒரு கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

வாசகர் கேள்வி, மார்ச் 3

போர்க்கள வீரத்துக்கான பிரிட்டிஷ் அரசின் மிக உயரிய விருதான விக்டோரியா கிராஸை இரண்டு முறை பெற்றவர் உலகிலேயே ஒருவர்தான் என்றும், அவர் நியூசிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் அப்ஹாம் என்றும் படித்தேன். உயிர்ப்பயம் அறவே இல்லாத பிறவி, நல்ல ஜாதகம், மேலிடத்துச் செல்வாக்கு ஆகிய மூன்றும் சேராமல் ஒரே ஆளுக்கு இரண்டு முறை கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். படைப்பிரிவு அலுவலகத்தில் பணியாற்றியவர்கள் யாரேனும் மறுத்துச் சொல்ல முடியுமா?

மார்ச் 3, இரவு

மறுக்கிறேன். காலாட்படைப் பட்டாலியன் ஒன்றின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு அந்தத் தகுதி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைச் சரிசெய்வோம். இரண்டு முறை பெற்றவர்கள் மூவர். ஆர்தர் மார்ட்டின்-லீக் 1902-இல் தென்னாப்பிரிக்காவிலும் 1914-இல் பெல்ஜியத்திலும் பெற்றார். நோயல் சாவாஸ் 1916-இலும் 1917-இலும் செய்த செயல்களுக்காகப் பெற்றார். இரண்டாவதை அறியும் முன்பே காயங்களால் இறந்துவிட்டார். இருவரும் இராணுவ மருத்துவர்கள். குண்டுமழைக்கு நடுவே காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்கள். ஆயுதம் ஏந்திப் போரிட்டு இரண்டு முறை பெற்றவர் அப்ஹாம் மட்டுமே. நீங்கள் படித்த வாக்கியத்தில் 'போரிட்டவர்களில்' என்ற ஒரு சொல் விடுபட்டிருக்கிறது.

உயிர்ப்பயம், ஜாதகம், செல்வாக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிறகு பார்ப்போம்.

மார்ச் 4

செல்வாக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதுதான் எளிது.

அப்ஹாம் 1908 செப்டம்பர் 21 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். வசதியான குடும்பம், நல்ல உறைவிடப் பள்ளி. அந்த வழியில் போயிருந்தால் அவரும் சட்டம் படித்திருப்பார். அவரோ வேளாண் கல்லூரியில் பட்டயம் பெற்று, ஆட்டுப் பண்ணைகளில் கூலி ஆளாகவும் மேலாளராகவும் மலைச்சரிவுகளில் மந்தைகளைத் திரட்டி இறக்குபவராகவும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். பிறகு நில மதிப்பீட்டுத் துறையில் சேர்ந்தார். ஒரு பண்ணையைச் சுற்றி நடந்து, மண், நீர், மேடு பள்ளம், வேலி எல்லாவற்றையும் பார்த்து விலை சொல்லும் வேலை அது. இந்த விவரத்தை மறந்துவிட வேண்டாம், இதற்குத் திரும்பி வருவேன்.

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் அவர் படையில் சேர்ந்தார். உள்ளூர்ப் பகுதிநேரப் படையில் ஐந்தாண்டுகள் இருந்து சார்ஜெண்ட் நிலையை எட்டியவர், இங்கே சாதாரணச் சிப்பாயாகக் கையெழுத்திட்டார். அதிகாரிப் பயிற்சிக்கு அனுப்புகிறோம் என்றபோது முதலில் மறுத்துவிட்டார். அதனால் போர்முனைக்குப் போவது தாமதமாகிவிடும் என்று அஞ்சினார். எகிப்துக்குப் போன பிறகே வற்புறுத்தலுக்கு இணங்கிப் பயிற்சி பெற்று, 1940 நவம்பரில் இரண்டாம் லெப்டினென்ட் ஆகி, நியூசிலாந்தின் 20-ஆம் பட்டாலியனில் ஒரு பிளாட்டூனுக்கு (முப்பது பேர் அளவிலான சிறு பிரிவுக்கு) தலைமை ஏற்றார். செல்வாக்கைத் தேடும் ஆள் இப்படி நடந்துகொள்ள மாட்டான்.

மார்ச் 5

முதல் விருதை அவர் ஈட்டிய, கிரேக்கத்தின் கிரீட் தீவுச் சண்டையைப் பற்றி விரிவாக எழுதக் கேட்டிருக்கிறீர்கள்.

1941 மே 20 அன்று ஜெர்மானியப் பாராசூட் படையினர் கிரீட்டில் இறங்கினார்கள். மாலெமே விமானத்தளம்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். அதைக் காத்துநின்ற குன்றிலிருந்து நியூசிலாந்துப் பட்டாலியன் ஒன்று முதல் நாள் இரவே பின்வாங்கிவிட்டது. தளத்தை மீட்க 21-ஆம் தேதி இரவு 20-ஆம் பட்டாலியனும் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி வீரர்களின் 28-ஆம் பட்டாலியனும் எதிர்த்தாக்குதல் நடத்த வேண்டும் என்பது திட்டம். ஆனால் 20-ஆம் பட்டாலியனின் இடத்துக்கு வரவேண்டிய ஆஸ்திரேலியப் பட்டாலியன் வந்துசேரத் தாமதமானதால், இருளில் முடிந்திருக்க வேண்டிய வேலை விடியலுக்குத் தள்ளிப்போனது. வானம் முழுவதும் ஜெர்மானிய விமானங்கள் ஆண்ட பகல் அது.

அந்த முன்னேற்றத்தில் அப்ஹாமின் பிளாட்டூன், துணைக்கு எந்தக் கனரக ஆயுதமும் இல்லாமல், ஏறத்தாழ 3,000 கெஜ தூரம் எதிர்ப்பை உடைத்துக்கொண்டு போனது. மூன்று முறை தடைபட்டது. முதல் தடையில் ஓர் இயந்திரத் துப்பாக்கிக் கூட்டை அவரே கையெறி குண்டுகளுடன் நெருங்கினார். இன்னொன்றில், ஒரு வீட்டுக்குள்ளிருந்து சுட்டுக்கொண்டிருந்தவர்கள் மீது சன்னல் வழியாகக் குண்டு விழுந்தது. விருதுப் பரிந்துரையில் இவை இரண்டிரண்டு வரிகளில் முடிந்துவிடுகின்றன. நான் கவனித்தது வேறொன்றை. ஒவ்வொரு முறையும் அவர் முதலில் பிளாட்டூனை மறைவில் நிறுத்துகிறார். தாமே முன்னால் போய்ப் பார்க்கிறார். எந்த மடிப்பில் ஊர்ந்தால் எதிரியின் கண்ணில் படாது என்று தேர்ந்த பிறகே நெருங்குகிறார். நிலத்தை மதிப்பிடுவதைப் பிழைப்பாகக் கொண்டிருந்தவரின் கண் அது.

அதே நாள், காயம்பட்டவர்களைத் தூக்கிவரச் செய்த பின், துண்டிக்கப்பட்டிருந்த ஒரு கம்பெனியை மீட்டு வருவதற்காக ஒரே ஒரு துணையுடன் எதிரி நிலத்தில் 600 கெஜம் ஊடுருவிப் போனார். அடுத்த இரண்டு நாள்களும் பீரங்கிக் குண்டுமழை. ஒரு மோர்ட்டார் குண்டு அவரைத் தூக்கி எறிந்தது, இன்னொன்றின் சிதறல் இடத் தோளுக்குப் பின்னால் தைத்தது, காலில் ஒரு தோட்டா பாய்ந்தது. காலில் பாய்ந்த தோட்டாவை எகிப்துக்குத் திரும்பிய பிறகுதான் எடுத்தார்கள்.

25-ஆம் தேதி கலாடஸ் ஊரருகே பிளாட்டூனைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு, சூழப்படவிருந்த மற்றவர்களை எச்சரிக்க அவர் மட்டும் திரும்பினார். வழியில் இரண்டு ஜெர்மானியர்கள் சுட்டார்கள். விழுந்து, செத்தவரைப் போலக் கிடந்து, பிறகு ஊர்ந்து ஒரு மரத்தடியை அடைந்தார். ஒரு கை செயல்படவில்லை என்பதால் துப்பாக்கியை மரக்கிளைக் கவட்டில் தாங்கவைத்து, நெருங்கி வந்த இருவரையும் சுட்டுக் கொன்றார். இரண்டாமவர் விழும்போது துப்பாக்கிக் குழலின் மீதே விழுந்தார் என்று அரசிதழில் பதிவாகியிருக்கிறது.

மே 30 அன்று, கப்பல்களுக்காகப் படை காத்திருந்த தென்கரையின் ஸ்ஃபாகியாவில், பள்ளத்தாக்கு வழியாக எதிரி இறங்கி வருவதைக் கண்டு, சோர்ந்துபோன வீரர்களைச் செங்குத்தான மலைமீது ஏற்றித் தக்க இடங்களில் நிறுத்தினார். 500 கெஜத் தொலைவிலிருந்து பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியால் 22 பேரை வீழ்த்தினார்.

மார்ச் 5, பின்னிரவு

ஒன்றை விட்டுவிட்டேன். இந்த ஒன்பது நாள்களும் அவருக்குச் சீதபேதி. கெட்டிப்பாலைத் தவிர வேறு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. அதையும் பிளாட்டூன் வீரர்கள் எங்கிருந்தோ தேடிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். ஜாதகத்தைப் பற்றி எழுதிய நண்பர், நல்ல ஜாதகத்தில் இந்தக் கட்டம் எங்கே வருகிறது என்று சொன்னால் நல்லது.

மார்ச் 7

பரிந்துரையைப் பற்றிக் கேட்கிறார்கள்: 'அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுப்பதுதானே?'

பதவிக் காலத்தில் இவ்வகைத் தாள்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன். கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலம் இல்லாமல் உயரிய வீர விருதுக்கான தாள் ஒரு மேசையைத் தாண்டி அடுத்த மேசைக்குப் போகாது. விக்டோரியா கிராஸுக்கும் இதுதான் நடைமுறை. சிரமம் என்னவென்றால், கண்ணால் கண்ட ஜவான்களிடம் கேட்டால், 'சாகிப் முன்னால் போனார், நாங்கள் பின்னால் போனோம்' என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று துருவித் துருவிக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும். அப்ஹாமின் பரிந்துரையில் கெஜக் கணக்கும் தேதியும் இவ்வளவு துல்லியமாக இருப்பதைப் பார்க்கும்போது, அவருடைய வீரர்கள் கேட்காமலே பேசினார்கள் என்று ஊகிக்கிறேன்.

இந்த முறையின் குறையும் எனக்குத் தெரியும். அதே துணிவைக் காட்டி, பார்த்தவர்கள் அனைவருடனும் சேர்ந்து மடிந்தவனுக்குத் தாளே கிடையாது. அப்ஹாமுக்கும் இது தெரிந்திருந்தது. முதல் விருது 1941 அக்டோபர் 14 அன்று அரசிதழில் வெளியானபோது, அது தம் வீரர்களுக்கு உரியது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். விருதின் அடையாள நாடாவைச் சீருடையில் அணிவதற்கே உத்தரவு தேவைப்பட்டதாகச் சொல்வார்கள்.

மார்ச் 8

சிறு குறிப்பு. 1941 நவம்பரில் லிபியாவில் தொடங்கிய பெருந்தாக்குதலுக்கு, பட்டாலியன் தலைவர் கிப்பன்பெர்கர் அவரை அழைத்துச் செல்லவில்லை. பட்டாலியன் அழிந்தால் மறுபடி கட்டி எழுப்பச் சிலரைப் பின்னால் நிறுத்திவைப்பது வழக்கம். அப்ஹாம் கொதித்துப்போனார். டிசம்பர் முதல் தேதி பெல்ஹமெத் என்ற இடத்தில் 20-ஆம் பட்டாலியன் ஏறக்குறைய முழுமையாக அழிந்தது. ஜாதகம் என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் இந்த இடத்தில் சொல்லிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன்.

மார்ச் 9

இரண்டாவது விருது, 1942.

ஜூன் 27 இரவு எகிப்தின் மின்கார் காயிம் பகுதியில் நியூசிலாந்து டிவிஷன் முழுவதும் சூழப்பட்டு, துப்பாக்கி முனை ஈட்டிகளுடன் பாய்ந்து வெளியேறியது. அந்த நாள்களில் ஒரு லாரி நிறைய இருந்த ஜெர்மானியர்களை அப்ஹாம் கையெறி குண்டுகளால் அழித்தார். அதில் அவரும் காயப்பட்டார். கையெறி குண்டுதான் அவர் விரும்பிய ஆயுதம். ஒரு பை நிறையச் சுமந்து திரிவார், மிக நெருங்கி வீசுவதால் அதன் சிதறல் அவரையும் பதம்பார்க்கும். பயிற்சிப் பள்ளியில் இப்படி வீசினால் பயிற்சியாளர் காதைத் திருகியிருப்பார்.

ஜூலை 14 இரவு ருவைசாத் மேடு. மேற்கில் நியூசிலாந்துப் பிரிகேடுகள், கிழக்கில் இந்தியாவின் 5-ஆம் காலாட்படைப் பிரிகேடு. அப்ஹாம் இப்போது காப்டன், ஒரு கம்பெனியின் தலைவர். அவருடைய பட்டாலியன் பின்தங்கிய இருப்புப் படை. முன்னால் போனவர்களிடமிருந்து செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது. நிலைமையைப் பார்த்துவர ஓர் அதிகாரியை அனுப்பும்படி உத்தரவு வந்தபோது, பிடிபட்ட ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு தாமே போனார், தகவலுடன் திரும்பினார். விடியலுக்குச் சற்று முன் அவருடைய கம்பெனி நான்கு இயந்திரத் துப்பாக்கி நிலைகளையும் டாங்கிகளையும் எதிர்கொண்டது. அந்தப் பேரிரைச்சலுக்கு மேல் அவர் குரல் கேட்டது என்று பரிந்துரையிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குரலில் வந்த வார்த்தைகளை அரசிதழில் அச்சிட முடியாது என்பது வேறு விஷயம். வாய் திறந்தால் வசைதான் என்று பெயர் எடுத்தவர் அவர்.

ஒரு டாங்கியும் பல பீரங்கிகளும் வண்டிகளும் குண்டுகளால் அழிந்தன. முழங்கையில் தோட்டா பாய்ந்து கை முறிந்தது. அந்தக் கையுடன் மறுபடி முன்னால் போய், துண்டிக்கப்பட்டிருந்த சிலரை மீட்டு வந்தார். எதிர்த்தாக்குதலை முறியடித்த பிறகுதான் முதலுதவி நிலைக்குக் கொண்டுபோனார்கள். கட்டுப் போட்ட உடனே வீரர்களிடம் திரும்பி, பகல் முழுவதும் குண்டுமழையில் இருந்தார். மறுபடி படுகாயம் பட்டு நகர முடியாமல் போனபோது, கம்பெனியில் எஞ்சியவர்கள் ஆறே பேர். ஆதரவுக்கு வரவேண்டிய டாங்கிகள் உரிய நேரத்தில் வரவில்லை. மாலையில் ஜெர்மானியர் 4-ஆம் பிரிகேடை நசுக்கினர், அப்ஹாம் சிறைப்பட்டார்.

அதே விடியலில், அதே மேட்டில், 22-ஆம் பட்டாலியனின் சார்ஜெண்ட் கீத் எலியட்டும் விக்டோரியா கிராஸ் பெற்றார். போருக்குப் பின் அவர் பாதிரியார் ஆனார்.

மார்ச் 10

'பிடிபட்டதோடு கதை முடிந்ததா?' என்று கேட்ட தம்பிக்கு: பிடித்தவர்களுக்குத்தான் தொல்லை தொடங்கியது.

கையை வெட்ட வேண்டும் என்று சொன்ன மருத்துவரிடம் முடியாது என்று மறுத்து, கையைக் காப்பாற்றிக்கொண்டார். இத்தாலியில் லாரியில் கொண்டுபோகும்போது ஒரு வளைவில் குதித்து, கணுக்கால் முறிந்தபடி 400 கெஜம் ஓடிப் பிடிபட்டார். ஜெர்மனியில் பட்டப்பகலில் முகாம் வேலியில் ஏறி, இரண்டு வேலிகளுக்கு நடுவே முள்கம்பியில் சிக்கிக்கொண்டார். காவலன் தலைக்கு நேரே கைத்துப்பாக்கியை நீட்டியபோது ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அதை ஜெர்மானியர்கள் புகைப்படமும் எடுத்தார்கள். ஓடும் ரயிலின் கழிப்பறைச் சன்னல் வழியாகக் குதித்து, தண்டவாளத்தில் மயங்கிக் கிடந்ததும் உண்டு. கடைசியில், 1944 அக்டோபரில், திருந்தாதவர்களுக்கென்றே இருந்த கோல்டிட்ஸ் கோட்டையில் அடைத்தார்கள். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை கோட்டையை விடுவித்தபோது, வீடு திரும்புவதைப் பற்றி யோசிக்காமல், ஆயுதம் எடுத்துக்கொண்டு அமெரிக்கர்களுடன் சேர்ந்து போரிட முயன்றார்.

மார்ச் 12

1942-இல் நடந்ததற்கு 1945 செப்டம்பர் 26 அன்று விருது ஏன் என்ற கேள்விக்கு, மார்ச் 7 குறிப்பைப் பார்க்கவும். அன்று அவருடன் இருந்தவர்களில் பலர் மண்ணில் அல்லது முகாம்களில் இருந்தார்கள். சாட்சிகள் முள்வேலிக்குப் பின்னால் இருக்கும்போது யாரிடம் வாக்குமூலம் வாங்குவது?

தாள் மன்னர் ஆறாம் ஜார்ஜிடம் போனபோது, ஒரே ஆளுக்கு இரண்டாவதா என்று அவருக்கும் நம் நண்பரைப் போலவே ஐயம் வந்திருக்கிறது. கிப்பன்பெர்கரிடம் கேட்டார். அப்ஹாம் இந்த விருதைப் பலமுறை ஈட்டியவர் என்பது தம் பணிவான கருத்து என்று அவர் பதில் சொன்னார். செல்வாக்கு என்று ஒன்று இருந்தது என்றால், அது இந்த ஒரு வாக்கியம்தான். அதுவும் சொன்னவர் கிரீட்டில் உடனிருந்து கண்டவர்.

மார்ச் 13

நேற்றிலிருந்து உயிர்ப்பயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அச்சமே இல்லாத ஆள் என்று சொன்னால் எல்லாவற்றையும் விளக்கிவிட்டது போலத் தோன்றும், எதையும் விளக்காது. அச்சமில்லாதவன் மரக்கவட்டைத் தேட மாட்டான், செத்தவனைப் போலக் கிடக்க மாட்டான். எங்கள் பட்டாலியனில் துடுக்காகத் துள்ளிய இளம் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். வீரர்களின் காலில் கொப்புளம் இருக்கிறதா, குடுவையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கடினமான இடத்தில் ஜவான்கள் யார் பின்னால் போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்ஹாம் இரண்டாவது வகை. உடை நேர்த்தியில்லை, அணிவகுப்பில் அக்கறையில்லை, தம் ஆட்களின் சோற்றுக்கும் காயத்துக்கும் மட்டும் ஓயாமல் சண்டை போடுவார்.

ஆனால் இப்படி எழுதியதும் எனக்கே ஓர் உறுத்தல். இந்தச் சித்திரம் அவரை மிகவும் சாதுவாக்கிவிடுகிறது. அவரிடம் வெறுப்பும் இருந்தது. ஜெர்மானியர்களை அவர் உண்மையாகவே வெறுத்தார். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் தம் பண்ணைக்குள் ஜெர்மன் தயாரிப்பு வண்டியையோ இயந்திரத்தையோ அனுமதிக்கவில்லை. கிரீட்டில் ஒன்பது நாள் வெறும் பாலில் தாக்குப்பிடித்ததற்கு நிலத்தைப் படிக்கும் கண் மட்டும் போதுமா, இந்தச் சினமும் வேண்டியிருந்ததா? வேண்டியிருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். கண் வழியைக் காட்டியது, சினம் காலை நகர்த்தியது. வீரர்களின் மீதிருந்த பற்றுதான் ஒவ்வொரு முறையும் அவரைத் திரும்பிப் போகவைத்தது. இரண்டு பரிந்துரைகளிலும் முக்கிய இடங்கள் அவர் முன்னேறிய இடங்களைவிட, விடுபட்டவர்களைத் தேடித் திரும்பிய இடங்களே.

மார்ச் 15

போருக்குப் பின். 1945 மே 11 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் முதல் விருதைப் பெற்றுக்கொண்டார். ஜூனில் இங்கிலாந்திலேயே, போருக்கு முன்பே நிச்சயமாகியிருந்த செவிலியர் மாலி மக்டாம்னியை மணந்தார். ஊர் மக்கள் அவருக்குப் பண்ணை வாங்கித்தர 10,000 பவுண்டு திரட்டினார்கள். அவர் ஏற்கவில்லை, படைவீரர்களின் பிள்ளைகள் உயர்கல்வி பெறுவதற்கான உதவித்தொகையாக அது மாறியது. அவரோ, திரும்பிவந்த மற்ற வீரர்களைப் போலவே மறுவாழ்வுக் கடன் வாங்கி, வட கேன்டர்பரியின் கான்வே ஃப்ளாட் பகுதியில் நிலம் வாங்கி, காயப்பட்ட கையுடன் ஆடு வளர்த்தார். மூன்று மகள்கள். 1994 தொடக்கம் வரை அந்தப் பண்ணையில் இருந்து, உடல்நலம் குன்றியதும் கிறைஸ்ட்சர்ச்சுக்கு மாறி, நவம்பர் 22 அன்று 86 வயதில் காலமானார்.

இடைப்பட்ட நாற்பத்தெட்டு ஆண்டுகளைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்காதீர்கள். வேலி போட்டார், கம்பளி வெட்டினார், பேட்டிகளைத் தவிர்த்தார். நல்ல வாழ்க்கையில் எழுத அவ்வளவுதான் இருக்கும்.

மார்ச் 18

கப்பலைப் பற்றி நினைவூட்டியவருக்கு நன்றி. நியூசிலாந்துக் கடற்படை ஒரு பழைய டேனிஷ் சரக்குக் கப்பலை வாங்கி, 1995-இல் 'சார்லஸ் அப்ஹாம்' என்று பெயரிட்டது. சுமை குறைவாக இருந்தால் அந்தக் கப்பல் தாறுமாறாக உருளும். மாற்றியமைக்கும் பணி முடியாமலே, அதை ஒரு ஸ்பானிய நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். அது மத்தியதரைக் கடலில் ஆரஞ்சும் எலுமிச்சையும் ஏற்றியது. 2001-இல் விற்றுவிட்டார்கள். வேளாண் பட்டயதாரியின் பெயருக்குப் பழவண்டி பொருந்தாது என்று யாரால் சொல்ல முடியும்?

மார்ச் 20

பதக்கங்கள் எங்கே என்று கேட்டவருக்கு: 2006-இல் மகள்கள் அவற்றை லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு விற்றார்கள். ஆனால் நியூசிலாந்துச் சட்டப்படி அவை நாட்டைவிட்டு வெளியேற முடியாது; எனவே வாங்கிய அருங்காட்சியகமே அவற்றை வையூருவில் உள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் கடனாக விட்டுவைத்தது. 2007 டிசம்பர் 2 அன்று அங்கே திருட்டு. ஒன்பது விக்டோரியா கிராஸ் உட்பட 96 பதக்கங்கள் போயின, அப்ஹாமுடையதும் அவற்றில் அடக்கம். 3,00,000 நியூசிலாந்து டாலர் சன்மானம் அறிவித்த பிறகு, 2008 பிப்ரவரியில் அனைத்தும் மீண்டன.

மார்ச் 22

'இந்தியாவில் இப்படி யாரும் இல்லையா?' என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன்.

பரம் வீர் சக்ராவை இரண்டு முறை பெற்றவர் இல்லை. அதற்கு அடுத்த நிலையில் உள்ள மகா வீர் சக்ராவை இரண்டு முறை பெற்றவர்கள் உண்டு. பின்னாளில் தரைப்படைத் தளபதியான அருண் வைத்யா அவர்களில் ஒருவர். ஆனால் அப்ஹாமின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கவர், லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கைச் சேர்ந்த செவாங் ரிஞ்சன். 1948-இல் பதின்ம வயதில் ஊர் இளைஞர்களைத் திரட்டிப் பள்ளத்தாக்கைக் காத்ததற்காக முதலாவது. 1971-இல் அதே மலைகளில் துர்துக் ஊரைக் கைப்பற்றியதற்காக இரண்டாவது. ஆடு ஓட்டிய சரிவுகளைப் போல நிலத்தைப் படித்தவர் அப்ஹாம் என்றால், இவர் பிறந்து வளர்ந்த நிலத்திலேயே போரிட்டவர். ரிஞ்சனுக்குத் தனி இழை தொடங்குகிறேன். லடாக் ஸ்கவுட்ஸில் பணியாற்றிய யாரேனும் இங்கே இருந்தால் அங்கே வந்து எழுதுங்கள்.